பின் கேட்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே ஒரு துருப்பிடித்த பச்சை கேட் தெரியும். சென்னை அசோக் நகரில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கிற பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் பின் கேட். குப்பை எடுக்க வரும்போது ஒரு கதவை மட்டும் திறப்பார்கள், எடுத்ததும் பூட்டிவிடுவார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. காம்ப்ளெக்ஸில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் போதும். இன்சுலினை ஐஸ் பாக்கெட்டோடு கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்து, கேட் கம்பிக்கு நடுவே கையை விட்டு நீட்டுவார். நான் தெருவில் நின்று வாங்கிக்கொள்வேன். கணக்கெல்லாம் மாசக் கடைசியில்தான்.

அந்தக் கேட்டின் இரண்டு கதவும் திறந்து நான் பார்த்தது 2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு, அடையாறு கரை தாண்டி ஜாபர்கான்பேட்டை வழியாக இந்தப் பக்கம் ஏறிய ராத்திரி. தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் கிடையாது. வாட்ச்மேன் ஐயா பூட்டைத் திறந்து எங்களை எல்லாம் முதல் மாடி வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். டெய்லர் தன் கடையைத் திறந்து, துணி வெட்டும் மேஜையைக் காலி பண்ணிக் கொடுத்தார். அம்மா இரண்டு ராத்திரி அதன்மேல்தான் படுத்திருந்தார்.

அந்த காம்ப்ளெக்ஸை இப்போது இடிக்கிறார்கள். கடைக்காரர்கள் பொங்கலுக்குள் காலி பண்ணிவிட்டார்கள். கீழே மூன்று பேஸ்மென்ட், மேலே தியேட்டரோடு பெரிய மால் வரப்போகிறதாம்.

மால் வரக்கூடாது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. இடம் அவர்களுடையது. பக்கத்தில் மெட்ரோ இருக்கிறது, நாலு பேருக்கு வேலை கிடைக்கும். மெட்ரோ தூண் போட்டபோதும் வருஷக்கணக்கில் தூசி தின்றோம், 2015-ல் ரயில் ஓட ஆரம்பித்ததும் நாங்களும்தான் ஏறினோம். எங்கள் பயமெல்லாம் அந்தப் பின் கேட்டைப் பற்றித்தான்.

போன மாசம் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர் சைட் ஆபீசுக்குப் போனோம். இன்ஜினீயர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். மேஜைமேல் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் ஹெல்மெட்டும் டம்ளரும் வைத்துக் காட்டினார். எங்கள் வீட்டு எதிரில் 'சர்வீஸ் என்ட்ரி' என்று எழுதியிருந்தது. லோடு லாரி, குப்பை லாரி, தண்ணீர் லாரி எல்லாம் அந்த வழிதான். பேஸ்மென்டிலிருந்து கார் வெளியே வருகிற ஒரு ராம்ப்பும் அங்கேயே முடிகிறது.

"லோடு எல்லாம் ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான் மேடம் வரும். உங்களுக்கு டிராஃபிக் தொந்தரவே இருக்காது" என்றார்.

"நாங்க தூங்குற நேரமே அதுதானே தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற பீப் சத்தமே அதைத் தாண்டிவிடும். அதற்குமேல் ஜெனரேட்டர் வேறு. அதையும் பின்பக்கம்தான் குறித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை நானும் அக்காவின் பையனும் டேப் பிடித்துத் தெருவை அளந்தோம். சுவருக்குச் சுவர் இருபது அடி. ஒரு பக்கம் கார் நின்றால் மிச்சம் பதிமூன்று. போன ஆடியில் அம்மாவுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆம்புலன்ஸ் வந்தபோது, எதிரே வந்த ஒரு மினி வேன் தெருமுனை வரை பின்னாலேயே போக வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுக்க நான் அம்மா வாயில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் லாரி வரிசை நின்றால் என்ன ஆகும்?

2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். முன்னால் 18 மீட்டர் அகலத்துக்குச் சாலை இருந்தால் 3.25 வரை எஃப்.எஸ்.ஐ. கிடைக்கும், அதாவது மனைப் பரப்பைப் போல மூன்றேகால் மடங்கு வரை தளப் பரப்பு கட்டலாம். மெயின் ரோடு அகலமாக இருக்கிறது, அதைக் காட்டித்தான் இவ்வளவு பெரிய கட்டடம். ஆனால் அதன் சுமையை ஏற்றப்போவது ஆறு மீட்டர் தெருவின் தலையில். உள்ளே ஏழு மீட்டர் விட்டாலும் தீயணைப்பு வண்டி இந்தத் தெரு வழியாகத்தானே பின்பக்கம் வர வேண்டும்? 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடை பற்றி எரிந்தது எங்களுக்கு மறக்கவில்லை. ஒரு நாளுக்கு மேல் எரிந்தது, கட்டடத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்று தேடியபோதுதான் ஒன்று தெரிந்தது. 20,000 சதுர மீட்டரிலிருந்து கட்டடத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்கிறது 2006-ம் வருஷத்து அறிவிக்கை. ஆனால் தொழிற்சாலை என்றால் கூட்டுகிற மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து இந்தக் கட்டடங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் இருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கச் சட்டத்திலேயே இடமில்லை. இது தப்பு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபட நகல் கேட்டேன். மூன்றாம் நபர் தகவல், தர முடியாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

வேலை என்னவோ ஆரம்பித்துவிட்டது. கான்கிரீட்டை உடைக்கிற பிரேக்கர் இறங்கும்போது பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழின் மூடி கிணுகிணுவென்று ஆடுகிறது. தெருக்கோடியில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சார் ஒருவர் இருக்கிறார். அவர் வீடு வீடாக வந்து, ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். பெரிய விரிசல்களுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் பால் பூசி ஒட்டினார். மேலே பென்சிலால் தேதி. சுவர் நகர்ந்தால் முதலில் கண்ணாடி உடையும் என்றார். எங்கள் அடுக்களையில் ஒன்று, அம்மா ரூமில் ஒன்று. தினமும் காலையில் பால் அடுப்பில் வைத்ததும் போய்ப் பார்க்கிறேன். இன்றுவரை உடையவில்லை.

ஆனால் பேஸ்மென்ட் தோண்டுவது இனிமேல்தான். மூன்று தளம் என்றால் முப்பது அடிக்கு மேல் பள்ளம். ஊற்று வந்துகொண்டே இருக்கும், ராத்திரி பகலாக மோட்டார் வைத்து இறைப்பார்கள். சுற்றியிருக்கிற மண்ணில் ஈரம் இறங்க இறங்க மண் உட்காரும், அதோடு எங்கள் பழைய அஸ்திவாரமும் இறங்கலாம் என்கிறார் சார். போர் தண்ணீரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஒரு நாளைக்கு ஒரு கவலை போதும் என்று.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். லாரி வழியையும் ராம்ப்பையும் மெயின் ரோட்டுப் பக்கம் மாற்றுங்கள். இடம் போதாது என்றால் ஒரு தளத்தைக் குறையுங்கள். பள்ளம் தோண்டுவதற்கு முன் எங்கள் பதினெட்டு வீட்டையும் உங்கள் செலவில் பரிசோதித்து, அறிக்கையில் ஒரு நகல் எங்கள் கையில் கொடுங்கள். இந்தப் பின் கேட் ஆபத்துக்கு மட்டும் திறக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் கூடுகிறோம். தெருக்காரர்கள் விரிசல் போட்டோக்களைத் தேதி போட்டு பிரின்ட் எடுத்து வாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வர வேண்டும். மால் பக்கத்தில் குடியிருந்து, லாரி வழியைப் பேசி மாற்றவைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், யாரிடம் போனீர்கள், எந்தக் காகிதத்தைக் காட்டினீர்கள் என்று எழுதுங்கள்.