தெரு வேலைக்கு யார் எவ்வளவு தருவது?

எங்கள் தெருவைச் சீரமைக்கப் பணம் திரட்டுகிறோம். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் சின்ன வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். முகப்பு அகலத்தை வைத்துப் பிரித்தால் மூலைவீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். பாவம், அவருக்கு இரண்டு பக்கமும் தெரு. ஒரு பக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கலாம் என்பது என் கட்சி.

பணத்தைவிட வேலையின் வரிசைதான் முக்கியம். முதலில் கழிவுநீர், குடிநீர்க் குழாய்கள், கேபிள், அப்புறம் மழைநீர் வடிகால், கடைசியில்தான் தார். மாற்றிச் செய்தால் புது ரோட்டையே தோண்ட வேண்டியிருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தெரு உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

ஒரு மழைக்காலம் தாண்டும்வரை ஒப்பந்தக்காரருக்கு ஒரு பங்கைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம் என்றேன். அதற்கு மட்டும் எல்லாரும் உடனே தலையாட்டினார்கள்!