இது எதற்கு, தம்பி?

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில் பல்கலைக்கழகப் பட்டறைக்கு ஒரு வரைபடத்தைக் கொண்டுபோனேன். எல்லா அளவுகளுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 0.01 மில்லிமீட்டர், அதற்கு மேல் பிசகக்கூடாது என்று எழுதியிருந்தேன். துல்லியம் கூடினால் நல்லதுதானே என்று நினைப்பு. லேத்தில் நின்றிருந்த அண்ணா தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது எதற்கு, தம்பி?"

கருவியைத் தாங்கும் தகடு என்றேன். பென்சிலை எடுத்து, இரண்டு துளைகளின் அளவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தார். மூன்று நாள் இழுத்திருக்க வேண்டிய வேலை அரை நாளில் முடிந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் எதையும் சக்கில், அதாவது லேத்தில் உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் பகுதியில், மாட்டியதில்லை. தொழிற்சாலையில் ஒரே உருப்படியை ஆயிரம் முறை கடைவார்கள். இங்கே ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். கேட்டு வருகிறவனுக்கும் தனக்கு என்ன வேண்டும் என்பது பாதிதான் தெரியும்.

ஒருமுறை என் வெற்றிடக் கலத்தில் அழுத்தம் இரண்டு நாளாக இறங்கவே இல்லை. வெளியே ஹீலியம் வாயுவை அடித்து, அது எங்கே உள்ளே நுழைகிறது என்று தேடியும் கசிவு அகப்படவில்லை. அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கும் திருகுகள் அடி மூடிய துளையிலா இறங்கியிருக்கின்றன?" என்று கேட்டார். ஆமாம். திருகுக்கு அடியில் சிக்கிய காற்று மரை வழியாகத் துளித்துளியாக வந்துகொண்டிருந்தது. கசிவு வெளியிலிருந்து வரவில்லை, நானே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்!

ஆறு திருகுகளையும் கழற்றி, அடியில் சிக்கும் காற்று வெளியேற ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டார். துருப்பிடிக்காத எஃகு, டிரில் முனை வெட்டாமல் வெறுமனே உரசினால் அந்த இடம் இறுகிவிடும். சற்று அழுத்துவார், வெளியே இழுத்துச் சுருளை உதறுவார், மறுபடி அழுத்துவார். கண் துளையைப் பார்க்கவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது. ஆறிலும் ஒரு முனைகூட உடையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி மாட்டினோம். மறுநாள் காலையில் அழுத்தம் இறங்கியிருந்தது.

கடைந்த சூட்டோடு அளக்க விடமாட்டார். 200 மில்லிமீட்டர் அலுமினியத் தண்டு 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஆறியபின் அளவு குறைந்து நிற்கும். "காப்பி ஆறக் காத்திருப்பாய், இதற்கு மாட்டாயா?" என்பார். கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான்: சக்கை முடுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு நகர்வது. லேத்தைப் போட்டால் அந்தச் சாவி யார் முகத்துக்குப் பறக்கும் என்று சொல்ல முடியாது. அன்று அவர் அண்ணாவாக இருக்கமாட்டார்.

பிறகு கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்தன. அவற்றையும் கற்றுக்கொண்டார், அலட்டிக்கொள்ளவில்லை.

என் ஆய்வேட்டின் ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்தேன். நன்றியுரைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். "பட்டறைக்கு நன்றி என்று போட்டிருக்கிறாய். லேத்திடம் சொல்லிவிடுகிறேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கூசிப்போய், அங்கேயே பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதினேன். ஐந்து ஆண்டுப் பழக்கம். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, தலைப்பெழுத்தைத் திருத்தினார்.