தட்டில் மிஞ்சும் உணவு

அமெரிக்காவின் திறன்சார் செவிலியர் பராமரிப்பு இல்லங்களில் (முதியோரும் நோயாளிகளும் தங்கி, செவிலியர் கவனிப்பைப் பெறும் இடங்கள்), மருத்துவர் வகுத்த எடைக்குறைப்புத் திட்டம் ஏதுமின்றி ஒருவரின் எடை ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதங்களில் 10 சதவீதமோ குறைந்தால், அதை மதிப்பீட்டுப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். என் பார்வையில் இந்த எச்சரிக்கை தாமதமானது. எடை குறைவதற்கு முன்பே தட்டில் உணவு மிஞ்சத் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, நீர் கோத்து வீங்கிய கால்கள் எடையைக் கூட்டிக் காட்டி, தசை கரைவதை மறைத்துவிடும்.

பொருந்தாத பல்செட், விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு, பசியை மந்தமாக்கும் மாத்திரை என ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு என்பதால், எல்லோருக்கும் ஒரே சத்துபானத்தை எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் கணக்குக் காட்டும் வேலைதான். பாதி உண்டதும் கை சோர்ந்து கரண்டியைக் கீழே வைக்கும் முதியவருக்குத் தேவை, அருகில் அமர்ந்து அவசரப்படுத்தாமல் ஊட்டிவிடும் ஒருவர். ஆனால் 'போதுமென்றார்' என்று எழுதிவிட்டுத் தட்டை எடுத்துச் செல்வதே எளிது. (ஆள் பற்றாக்குறை உண்மைதான், மறுக்கவில்லை.)

இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது அந்நாட்டுக் கூட்டாட்சி விதி. மெலிந்தவர்களுக்கு அதுவே நீண்ட பட்டினி. படுக்கும் முன் புரதம் மிகுந்த சிற்றுண்டி ஒன்றைக் கேட்காமலே கொடுக்கலாம்.