மாதம் ஒன்றாக எழுதியதை ஒரே ராத்திரியில் படித்தவன்

பெங்களூர் இந்திராநகர் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் மூன்று வருஷம் குப்பை கொட்டினேன். புத்தகம் படிக்க வேண்டும், 150 வார்த்தையில் விமர்சனம் எழுத வேண்டும், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டும். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். நாவல்களை எல்லாம் சீனியர்கள் எடுத்துக்கொள்ள, மாத இதழ்களைச் சேர்த்துக் கட்டிய காமிக்ஸ் தொகுப்புகள் மட்டும் என் மேசைக்கு வரும், அதுவும் சூப்பர் ஹீரோ டீம் காமிக்ஸ், ஒவ்வொன்றும் தலையணை கனம். திங்கட்கிழமை கொடுத்துவிட்டு செவ்வாய்க்கிழமை மதியம் விமர்சனம் எங்கே என்பார்கள். ஆக, அல்சூர் மாடி ரூமில் பத்து இதழ்களை ஒரே ராத்திரியில் படித்து முடிப்பதுதான் என் வேலை முறையாக இருந்தது.

அந்த முறையில் படித்தால் எல்லாப் புத்தகமும் எரிச்சலூட்டும். 1975இல் எழுத்தாளர் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் எக்ஸ்-மென் கோஷ்டியைப் புது ஆட்களோடு மறுபடி தொடங்கினார்கள், அதற்கு முன் ஐந்து வருஷமாக அந்த இதழில் பழைய கதைகளையே மறுபதிப்பாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதை உடனே கையில் எடுத்த கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை விடவில்லை. அவருடைய தொகுப்பு ஒன்றைப் படித்தபோது ஒவ்வொரு இருபது பக்கத்துக்கும் ஒருமுறை அதே அறிமுகம்: இவன் நகம் எதையும் வெட்டும், இவள் காற்றையும் மழையையும் ஆட்டி வைப்பாள், இவன் புகையாக மறைந்து வேறிடத்தில் தோன்றுவான். நாலாவது இதழில் எனக்குப் பொறுமை போய்விட்டது. 'சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். அந்த வரியை எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏன் என்றால், அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பரணில் பாட்டியின் பைண்டு புத்தகங்களை இறக்கினேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தார். பாதிப் பக்கங்களின் பின்னால் தைல விளம்பரமும் வேறு யாரோ எழுதிய துணுக்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே 'முன்கதைச் சுருக்கம்'. பாட்டி அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நடுவில் நாலு வாரம் தவறவிட்டவர்களுக்காகப் போட்டது அது. அந்தப் பரண் தூசியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: கிளேர்மான்ட் செய்ததும் அதேதான். மாதம் ஒருமுறை கடையில் தொங்கும் மெல்லிய இதழை யாரோ ஒரு பையன் முதல் தடவையாக எடுப்பான், அவனுக்கு யார் யாரென்று தெரிய வேண்டும். ஒற்றை ஹீரோ கதை என்றால் ஒரு வரியில் முடிந்துவிடும். கோஷ்டி என்றால் ஏழு பேருக்கு ஏழு வரி வேண்டும்.

கோஷ்டிக் கதை எழுதுவது கூட்டணியில் தொகுதிப் பங்கீடு மாதிரி. இருக்கும் பக்கங்களில் யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது. 1960இல் வந்த ஜஸ்டிஸ் லீக்கின் ஆரம்பக் கதைகளில் கார்ட்னர் ஃபாக்ஸ் ஒரு வழி வைத்திருந்தார். ஆபத்து வரும், எல்லோரும் கூடுவார்கள், சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போவார்கள், கடைசியில் மறுபடி கூடி வில்லனை மடக்குவார்கள். ஒரே ராத்திரியில் பத்து தடவை இது நடந்தால் தலை சுற்றும். மாதம் ஒன்று என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார் மாதிரி, அதே ருசியைத்தான் எதிர்பார்த்து உட்காருவோம். அவெஞ்சர்ஸ் வேறு வழி பிடித்தது. 1963இல் தொடங்கிய அந்த இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் இரண்டாவது கதையிலேயே பச்சை நிற முரடன் ஹல்க்கை வெளியேற்றிவிட்டார்கள். நாலாவதில் பனியில் உறைந்திருந்த கேப்டன் அமெரிக்கா வந்தார். 1965இல் பதினாறாவது இதழில் மிச்சமிருந்த ஸ்தாபகர்களும் கிளம்ப, தனி இதழ் இல்லாத மூன்று புதியவர்களை வைத்துக்கொண்டு கேப்டன் கோஷ்டியை நடத்தினார். எனக்கு மிகவும் பிடித்த காலம் அதுதான். வேறு இதழில் பிழைப்பு இல்லாதவர்கள் என்பதால் அவர்கள் சண்டையும் கோபமும் இங்கேயே நடந்தாக வேண்டும்.

சமீபத்திய தொகுப்புகளில் எதிர் நோய். புத்தகமாகப் போடப் போகிறோம் என்று முதலிலேயே தெரிந்து ஐந்தாறு இதழுக்கு இழுப்பார்கள். எதிர்காலத்தில் இருந்து ஆள் வந்து எச்சரிக்கும் அந்தப் புகழ்பெற்ற எக்ஸ்-மென் கதை 1981இல் வெறும் இரண்டே இதழ்!

வண்ண விஷயத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய அவெஞ்சர்ஸ் தொகுப்பு ஒன்றில் வண்ணங்கள் கண்ணைக் குத்தின, வண்ணம் தீட்டியவருக்கு ரசனையே இல்லை என்று எழுதிவிட்டேன். கீழ் வீட்டில் சிவகாசிக்கார அண்ணாச்சி ஒருவர், முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவர். புத்தகத்தை வாங்கினார், கதையைப் பார்க்கவில்லை, தாளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இது முதல்ல எந்தத் தாள்ல வந்தது?"

"நியூஸ்பிரிண்ட், அண்ணாச்சி."

"அது மையக் குடிக்கும்ல. மங்கிப் போகும்னு தெரிஞ்சுதான் அவன் கூடப் போட்டிருக்கான். நீங்க வழவழத் தாள்ல அடிச்சுட்டு அவனை ஏன் வையுறீங்க?"

அப்புறம் நடுப்பக்கத்தை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் பரவிய சண்டைக் காட்சியில் ஒருத்தன் முகம் பாதி மடிப்புக்குள் போயிருப்பதைக் காட்டினார். "ஒட்டு பைண்டிங். தைச்சிருந்தா விரியும்." எனக்கு அதுவரை அந்த முகம் இருப்பதே தெரியாது.

அதற்குப் பிறகு ராத்திரிக்கு ஓர் இதழுக்கு மேல் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பைண்டிங் பற்றியும் தாள் பற்றியும் தனியாக இரண்டு வரி எழுதினேன். அலுவலகத்தில் பிடிக்கவில்லை. பத்து நாள் ஆகிறதே, அரை நட்சத்திரம் எல்லாம் கிடையாதே, பைண்டிங்கைப் பற்றி யார் கேட்டார்கள் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மாசக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டியவர்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்து, வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு நட்சத்திரத்தை மட்டும் கடைசி வரை மாற்ற முடியவில்லை.

கிளம்பும்போது கையோடு வந்த ஒரே புத்தகம் அவெஞ்சர்ஸின் முதல் பத்து இதழ்கள். அதை அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். ஊதுபத்தி அட்டையை அடையாளம் வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதை, பேத்தியை அர்த்தம் சொல்லச் சொல்லி. போன வாரம் மாடிப்படியில் நிறுத்தினார்.

"தம்பி, அந்தப் பச்சைக்காரன் கோவிச்சிட்டுப் போனானே, திரும்பக் கூட்டத்துல சேருவானா?"

"இந்தப் புத்தகத்துல இல்ல, அண்ணாச்சி."

"சரி, சொல்லிராதீங்க" என்று உள்ளே போய்விட்டார்.