பனியன் ஊரில் பயர்பாக்ஸ்

ஒரு பிரவுசர் நல்லதா கெட்டதா என்று திருப்பூரில் யாரும் பிரவுசரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. தங்கள் வேலை அதில் நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர், நூல், சாயம், ஜாப் ஒர்க் கணக்கெல்லாம் வைக்கும் வெப் மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பயர்பாக்ஸ் ஏறியதையும் இறங்கியதையும் பார்த்தேன். அது மெதுவானது, கணினியைத் திணறடிப்பது என்று அது இறங்கியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். பிரவுசர் போட்டியில் மைக்ரோசாஃப்ட்டிடம் தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று தன் பிரவுசரின் மூலநிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. மோசில்லா என்ற பெயரில் அதைத் தொடர்ந்தவர்கள் முதலில் செய்தது மெயில், எடிட்டர் எல்லாம் சேர்ந்த கனமான மூட்டை. அதிலிருந்து பிரவுசரை மட்டும் பிரித்தெடுத்து 2002இல் சிலர் ஆரம்பித்ததுதான் பீனிக்ஸ். பெயர்த் தகராறில் அது பயர்பேர்ட் ஆகி, 2004 பிப்ரவரியில் பயர்பாக்ஸ் ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 9இல் 1.0 வந்தது. அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம். அதற்குப் பணம் போட்டவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். அத்தனை பேரின் பெயரும் பொடி எழுத்தில் அதிலேயே அச்சாகியிருந்தது. ஒரு மென்பொருளுக்காக ஜனங்கள் கைக்காசு போட்டு விளம்பரம் கொடுத்தார்கள் என்பது இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்ப்பு.

எங்கள் பக்கத்தில் அப்போது மைக்ரோசாஃப்ட்டின் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, சுருக்கமாக ஐஇ 6 தான் எல்லாம். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது, அப்படியே இருந்தது. ஒரு பக்கத்தை ஒழுங்கான விதிப்படி எழுதி முடித்துவிட்டு, ஐஇக்காக மறுபடியும் குறுக்குவழிகள் எழுத வேண்டும். பின்னணி ஊடுருவித் தெரிய வேண்டிய பிஎன்ஜி வகைப் படம் அதில் சாம்பல் கட்டமாக நிற்கும். 2006இல், பயர்பாக்ஸுக்குள்ளேயே ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்க்க உதவும் பயர்பக் என்ற கருவி வந்த பிறகு எங்கள் மாதிரி சின்னக் கடைகளின் வேலையே மாறிவிட்டது. தவறாக நிற்கும் பெட்டியின் மேல் வலது சொடுக்கு, அதன் அகலம், ஓரம், எந்த வரி அதை இப்படி ஆக்கியது என்று அங்கேயே தெரியும். எண்ணை மாற்றினால் கண்ணெதிரே நகரும். கோவைக்குப் போய் வகுப்பில் காசு கட்டிப் படிக்காமலே பலர் வெப் வேலை கற்றுக்கொண்டது அந்தச் சின்னப் பூச்சி ஐகானில்தான் என்பேன். வேலை செய்வது பயர்பாக்ஸில், வாடிக்கையாளருக்குக் காட்டுவது ஐஇயில். பல வருஷம் இப்படியே ஓடியது.

தமிழ் விஷயம் தனி. எக்ஸ்பியில் தமிழ் யூனிகோடு சரியாகத் தெரியவே ரீஜனல் செட்டிங்ஸில் போய் ஒரு டிக் போட வேண்டும், அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். அதையெல்லாம் செய்தும், பயர்பாக்ஸ் 2இல் பத்தியை இரு ஓரமும் சமமாக வைத்தால் தமிழ் சிதறிவிடும். 'கொங்கு' என்று எழுதினால் கொம்பு தனியே, கால் தனியே, நடுவில் புள்ளிவட்டம். இடதுபக்கமாக வைத்தால் சரியாக இருக்கும். எழுத்துகளை ஓரம் வரை பரப்பும்போது உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பார்த்ததுதான் காரணம். படிப்பவர்கள் பாவம், 'இந்தப் பிரவுசரில் தமிழ் வராது' என்று ஐஇக்கே திரும்பினார்கள். ஆனால் மோசில்லாவின் குறைகளைப் பதியும் தளமான பக்சில்லாவில் இந்தக் குறை பற்றிய பேச்சு எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடந்தது. எங்கோ இருக்கிற பொறியாளர்கள் இந்திய எழுத்துகள் எப்படிச் சேரும் என்று விவாதிப்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே படிக்க முடிந்தது. எழுத்தை வரையும் பகுதியையே புதிதாக எழுதி 2008 ஜூனில் பயர்பாக்ஸ் 3 வந்தபோது தமிழ் நேராக நின்றது. அன்று 24 மணி நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் இறக்கியதைக் கின்னஸ் சாதனையாக எழுதினார்கள். எனக்கு அந்தச் சாதனையைவிட, சமமாக நின்ற ஒரு தமிழ்ப் பத்திதான் பெரிது.

அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளின் குரோம் வந்தது. ஒவ்வொரு டேபும் தனிப் புராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல். ஒன்று செத்தால் மற்றவை பிழைக்கும். பயர்பாக்ஸில் ஒரு பக்கம் மாட்டினால் எல்லாம் போகும். ரேம் குறைந்த கம்பெனிக் கணினிகளில் சாயங்காலம் ஆனால் அது மூச்சுத் திணறும். இந்தப் புகார்கள் நியாயமானவை. தனிப் புராசஸ் பயர்பாக்ஸுக்கு வரத் தொடங்கியது 2016இல், குவாண்டம் என்று வேகமாக வந்தது 2017 நவம்பரில். தாமதம்தான், மறுக்க முடியாது. ஆனால் எங்கள் ஊர் அலுவலகங்களில் பயர்பாக்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தது வேகம் மட்டும் இல்லை.

ஈரோட்டில் டெண்டர் போடும் ஒரு காண்ட்ராக்டர் அலுவலகம். கணக்கு பார்க்கும் அக்காவின் திரையில் இரண்டு பயர்பாக்ஸ் ஐகான் இருக்கும். ஒன்று புதியது. இன்னொன்றுக்கு 'டெண்டர் மட்டும்' என்று பெயர் மாற்றியிருப்பார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யுஎஸ்பியில் சொருகினால், டெண்டர் தளம் ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரல் வழியாகத்தான் அதைப் படிக்கும். இப்படி வெளி நிரல்களைப் பிரவுசருக்குள் ஓடவிடும் பழைய செருகுநிரல் முறையைக் குரோம் 2015இலேயே நிறுத்தியது. பயர்பாக்ஸும் 2017 மார்ச்சில், பிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. அலுவலகங்களுக்கென்று வரும் 52ஆம் நீண்டகாலப் பதிப்பில் மட்டும் அது கொஞ்ச காலம் இருந்தது. ஆகவே அதைப் போட்டு, அப்டேட்டை அணைத்து, தனி புரொஃபைல் வைத்துக் கொடுப்போம். பாதுகாப்பு ஆதரவு முடிந்த பிறகும் அது அங்கேயே ஓடியது. செருகுநிரலை நிறுத்தியது சரியான முடிவு. ஓட்டை அதில் அவ்வளவு. ஆனால் அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம், "புதுசுல வரமாட்டேங்குதுங், பழசுல தானுங் வருது" என்பதுதான். தளத்தைத் திருத்த வேண்டியவர்கள் மேல் அந்தப் பழி போகவே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பயர்பாக்ஸை மக்கள் எடை போட்டது பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பக்கங்களை வைத்து. முதலில் ஐஇக்கு மட்டும் எழுதினார்கள், அப்புறம் குரோமுக்கு மட்டும். 2020இல் மைக்ரோசாஃப்ட்டின் பிரவுசரான எட்ஜே குரோமுக்கு அடித்தளமான குரோமியத்துக்கு வந்த பிறகு, பக்கத்தை வரைந்து காட்டும் ஒரே எஞ்சினில் சோதித்தால் போதும் என்ற நினைப்பு இன்னும் இறுகிவிட்டது. ஒரு காலத்தில் உலகில் மூன்றில் ஒருவர் வரை பயன்படுத்திய பிரவுசர் இன்று ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நிற்கிறது. எழுதுகிறவர்கள் அதில் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சரியாகத் தெரியாததால் இன்னும் கொஞ்சம் பேர் போகிறார்கள்.

சமீபத்தில் வேறொரு கடை செய்துவிட்டுப் போன மென்பொருள் எங்களிடம் வந்தது. கம்பெனி முதலாளி சொன்னார்: "தம்பி, அந்த நரி ஐகான்ல அடிச்சா ஸ்டிக்கர் பெருசா வருதுங். பாருங்க." பெட்டியில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர். திறந்து பார்த்தால், அளவைக் குறைக்க, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் 'ஜூம்' என்ற பண்பைப் போட்டிருக்கிறார்கள். அது ஐஇ தன்னிச்சையாகக் கொண்டுவந்தது, பிறகு குரோமும் ஏற்றுக்கொண்டது. விதியாக எழுதப்படும்வரை பயர்பாக்ஸ் சேர்க்கவில்லை. 2024 மே மாதம் 126ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. அந்தக் கம்பெனியில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. பிரவுசரை அப்டேட் செய்தாலே முடிந்திருக்கும். நாங்கள் ஜூமை எடுத்துவிட்டு, தாளின் அளவையும் ஸ்டிக்கரின் அளவையும் மில்லிமீட்டரில் எழுதினோம். இப்போது எந்தப் பிரவுசரில் அடித்தாலும் ஒரே அளவு.

எங்கள் அலுவலகத்தில் எந்தப் பக்கமும் முதலில் பயர்பாக்ஸில்தான் திறக்கப்படும், பிறகு குரோமில். புதிதாகச் சேர்ந்த பெண், "யாருமே யூஸ் பண்றதில்லைங்களே அண்ணா, எதுக்கு?" என்று கேட்டாள். ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். அப்புறம் ஒரு வங்கித் தளம் பயர்பாக்ஸில் ஓடிபி பெட்டியையே காட்டாமல் நின்றபோது, மெனுவில் இருக்கும் பழுதான தளத்தைப் புகாரளிக்கும் வசதியில் போய் அவளே எழுதி அனுப்பினாள். வங்கிக்கும் தனியாக மெயில் போட்டிருக்கிறாள். பதில் வரவில்லை, அடுத்த வாரம் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன்.