பெயரைப் படிக்காதீர்கள், ஸ்குரூவைப் பாருங்கள்

காரைக்குடியோ புதுச்சேரியோ, பழம்பொருள் கடைகளில் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பொருள் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். மரப்பீடம், பித்தளைத் தண்டு, வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ள மூட்டு, உள்ளங்கை அகலத்துக்கு லென்ஸ். மேசையில் வைக்கிற பூதக்கண்ணாடி. விளிம்பில் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்திருக்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஒரே சிக்கல், கெல்வின் கம்பெனியும் ஹியூஸ் கம்பெனியும் இணைந்து அந்தப் பெயர் பிறந்ததே 1947-இல்தான். முப்பது வருஷம் முன்னாலேயே பெயர் வெட்டிய அந்த ஞானி யாரோ!

இந்த மாதிரிச் சாமான்கள் வடக்கே மொராதாபாத், ரூர்க்கி பக்கம் இன்றைக்கும் நிறையச் செய்கிறார்கள். வேலைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். புதுசு என்று சொல்லி விற்றால் நானே வாங்கிக் கல்யாணத்துக்குப் பரிசு கொடுப்பேன். தாத்தா காலத்துப் பொருள் என்று விலை ஏற்றும்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அதனால் நான் பெயரைப் படிப்பதே இல்லை. முதலில் கவிழ்த்து ஸ்குரூவைப் பார்ப்பேன். தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்குரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. விக்டோரியா காலத்துச் சாமானில் அது இருந்தால், ஒன்று பின்னால் யாரோ மாற்றியிருக்க வேண்டும், இல்லை கதை விடுகிறார்கள். அப்புறம் லென்ஸைக் கன்னத்தில் வைப்பேன். கண்ணாடி என்றால் ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கடைசியாகக் கறுப்பு. உண்மையிலேயே புழங்கிய பித்தளை, கை படும் இடத்தில் மழமழவென்றும் மூலை முடுக்கில் கறுத்தும் இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மருந்து போட்ட வேலை.

“பத்து மடங்கு பெரிசா காட்டும் சார்” என்பார்கள். நாலு இன்ச் லென்ஸுக்கு அது நடக்கவே நடக்காது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெளியே இருக்கிற மரம் தலைகீழாகத் தெளிவாக விழும் வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, 250-ஐ அதால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். தூரம் 125 என்றால் இரண்டு மடங்கு. நாலு இன்ச்சில் முழுக் கண்ணாடி உருண்டையே செய்தாலும் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். லென்ஸ் அகலமாக ஆக, பெருக்கும் திறன் குறையும். மேசை லென்ஸ் நிதானமாகப் படிப்பதற்கு, எறும்பின் காலை எண்ணுவதற்கு அல்ல.

என் அலமாரியில் எனக்குப் பிடித்தவை பெரிய லென்ஸுகள் இல்லை, துணியின் இழையை எண்ணும் சின்ன ‘பிக் கிளாஸ்’கள் (pick glass). நான் கரூர்க்காரன், ஏற்றுமதித் துணி செக்கிங்கில் இருந்தவன். கீல் வைத்து மடியும் மூன்று பித்தளைத் தகடுகள். அடித்தகட்டில் சரியாக ஒரு இன்ச் சதுர ஓட்டை, மேல்தகட்டில் லென்ஸ். விரித்துத் துணி மேல் நிறுத்தினால் இடைவெளி தானாகவே சரியாக அமைந்துவிடும், ஃபோகஸ் தேட வேண்டியதில்லை. ஊசி முனையால் இழையைத் தொட்டுத் தொட்டுப் பாவில் எத்தனை, ஊடையில் எத்தனை என்று எண்ண வேண்டியதுதான். என்னிடம் உள்ள ஒன்றின் அடியில் யாரோ ஆணியால் ‘மு.ரா.’ என்று கீறியிருக்கிறார். இரவல் போய்த் திரும்பாமல் போன அனுபவம் அவருக்கும் இருந்திருக்கும்.

அரைக்கோளக் கண்ணாடியும் ஒன்று வைத்திருக்கிறேன். காகிதத்தின் மேல் அப்படியே உட்கார வைத்தால் எழுத்து சுமார் ஒன்றரை மடங்கு தெரியும், சுற்றியுள்ள வெளிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டில் மருந்து அட்டை படிக்க எல்லாரும் எடுப்பது அதைத்தான்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். யானைத் தந்தக் கைப்பிடி போட்டது வந்தால் விலை கேட்காமலே நகர்ந்துவிடுங்கள், அதை வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அடுத்தது, எந்த லென்ஸையும் வெயில் விழும் மேசையில் மூடாமல் விடாதீர்கள். காகிதம் பற்றிக்கொள்ளும், வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சுத்தம் செய்வதில்தான் வீட்டில் சண்டை. பழைய கருவிகளின் பித்தளை மேல் மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். பீதாம்பரி போட்டு ஒருமுறை தேய்த்தால் போதும், அது போய்விடும், திரும்ப வராது. ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாப் பித்தளையும் புளி போட்டுப் பளபளக்கும். என் அலமாரிக்கு மட்டும் விலக்கு வாங்கியிருக்கிறேன். பூ வைக்கலாம், பொட்டு வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

இப்போது நான் தேடுவது, மூடிய மில்களிலிருந்து மேசை நாற்காலியோடு பழைய இரும்புக் கடைக்குப் போகும் ஸ்டாண்டு லென்ஸுகளை. லண்டன் பெயர் வேண்டாம், மில் சொத்து எண் அடித்திருந்தால் இன்னும் விசேஷம். கண்ணாடி விளிம்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ஊரில் எங்கேயாவது பார்த்தால், துடைக்காமல் அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள்.