இஸ்தான்புல்லில் கிரிமியப் போர் நினைவாலயம்

இஸ்தான்புல் செல்லும் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஹாகியா சோபியாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கலாட்டா கோபுரத்துக்கு அருகிலுள்ள செர்தார் எக்ரெம் தெருவில், உயர்ந்த மதிலுக்கு உள்ளே நிற்கும் கிறிஸ்து ஆலயத்துக்கும் அவர்கள் அவசியம் போய் ஜெபிக்க வேண்டும் என்பது என் விருப்பம். கிரிமிய நினைவாலயம் என்றே அதைச் சொல்கிறார்கள்.

துருக்கியுடன் சேர்ந்து பிரிட்டன் ரஷ்யாவை எதிர்த்து நின்ற, 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில், பிரிட்டிஷ் வீரர்களில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிடக் காலராவிலும் பிற நோய்களிலும் மாண்டவர்களே அதிகம். பாஸ்பரஸ் நீரிணைக்கு அக்கரையில், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பணியாற்றிய ஸ்கூட்டாரி மருத்துவமனையில் உயிர்விட்ட பலர் அருகே ஹைதர்பாஷாவில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் நினைவாக ஓர் ஆலயம் எழுப்பும் பணியை, இங்கிலாந்து திருச்சபையின் நற்செய்திப் பரப்பு மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி. மேற்கொண்டது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் ஊழியம் செய்ததும் இந்தச் சங்கத்தின் கீழ்தான் என்பதால், திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எனக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை.

நிலத்தை அளித்தவர் இஸ்லாமிய மன்னரான சுல்தான் அப்துல்மெஜித். நெடுங்காலம் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்ட்ராட்ஃபோர்டு டி ரெட்கிளிஃப் 1858-இல் அடிக்கல் நாட்டினார். வரைபடப் போட்டியில் முதல் பரிசு வில்லியம் பர்ஜஸுக்குக் கிடைத்தபோதிலும், செலவு மிகும் என்றும் ஆங்கிலேயப் பாணிக்குப் பொருந்தவில்லை என்றும் எழுந்த ஆட்சேபங்களால் வேலை இழுபட்டு, இறுதியில் இரண்டாம் இடம் பெற்ற ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டின், கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணி வடிவமே கட்டப்பட்டது. 1868-இல் பிரதிஷ்டை நடந்தது.

எழுபதுகளில் சபையார் எண்ணிக்கை குறைந்து, ஆலயம் பூட்டப்பட்டது. அது 1991-இல் மீண்டும் திறக்கப்பட்ட வரலாற்றைக் கேட்டபோது என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை. குருவானவர் இயன் ஷெர்வுட்டுடன் சேர்ந்து அதைச் சீர்செய்தவர்கள் இலங்கையிலிருந்து வந்து, இந்த ஆலயத்தின் நிலவறையில் தங்கியிருந்த அகதிகள். போரில் இறந்தவர்களுக்காக அந்நிய மண்ணில் எழுந்த ஆலயம், சொந்த மண்ணில் போர் நடக்க வெளியேறி வந்தவர்களுக்குப் புகலிடமாகி, அவர்கள் கையாலேயே மறுபடியும் ஆராதனைக்கு ஆயத்தமானதை நான் கர்த்தருடைய செயல் என்றே நம்புகிறேன். கட்டடக் கலைஞர்களின் பெயர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு இந்த உழைப்புக்கும் கிடைக்க வேண்டும்.

உள்ளே, பீடப் பகுதியை மறைக்கும் திரைத் தட்டியை ஓவியர் மங்கோ மெக்காஷ் பின்னாளில் வரைந்த படங்கள் அலங்கரிக்கின்றன. அவற்றிலுள்ள முகங்களில் பல, இக்காலத்து இஸ்தான்புல்வாசிகளைப் பார்த்து வரையப்பட்டவை. அதன் முன் முழங்காலிட்டு, மாண்ட வீரர்களுக்காகவும், நிலவறையில் தங்கிய குடும்பங்கள் இப்போது எங்கிருந்தாலும் நலமாயிருக்கவும் தமிழிலேயே ஜெபித்தேன். ஞாயிறு காலை ஆங்கிலத்தில் நற்கருணை ஆராதனை நடைபெறுகிறது. பயணத்தை அந்த நாளை ஒட்டி அமைத்துக்கொள்வது நல்லது.